படகுக்கு மேல் ஒரு மச்சு

தூத்துக்குடி திரேஸ்புரம் கரையில் கட்டிக் கிடக்கும் படகுகளில் எங்களுடையது எது என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. கேபின் கூரைக்கு மேல் இன்னொரு ஸ்டீரிங் இருக்கும் படகு எங்களுடையது. நான் அதை மேல் ஸ்டீரிங் என்றுதான் சொல்லிப் பார்த்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை. மச்சு என்றார்கள். வீட்டுக்கு மாடி இருந்தால் மச்சு வீடு, படகுக்கு மாடி இருந்தால் மச்சுப் படகு. முதலில் கேலிக்குத்தான் சொன்னார்கள். இப்போது வேறு படகுக்காரர்கள் வெல்டிங் பட்டறைக்குப் போய், "அந்த மச்சு மாதிரி ஒண்ணு எங்களுக்கும் வேணும்" என்று கேட்பதாகக் காதில் விழுகிறது. அதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது. அதை எதற்கு மறைக்க வேண்டும்?

நான் கடற்கரையில் பிறந்தவன் அல்ல. சாத்தான்குளத்துக்குத் தெற்கே, பனையும் செம்மணலுமாகக் கிடக்கும் தேரிக்காட்டில் பிறந்தவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். பள்ளியும் என்னைத் தேடி வரவில்லை. உப்பளத்தில் உப்பு வாரினேன். பாத வெடிப்பில் உப்பு ஏறி நடக்க முடியாமல் போனதும் லாரியில் கிளீனராகப் போனேன். நிலக்கரி ஏற்றத் துறைமுகத்து வரிசையில் நாள் கணக்கில் லாரி கிடக்கும். அப்போது கப்பல்களைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் லாரியை விட்டு இறங்கி, மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் சோறு பொங்கும் ஆளாக ஏறிவிட்டேன். அங்கே போய் இறங்கியவன் அங்கேயே தங்கினேன். ஒருவன் என் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கச் சோறு மட்டும் போட்டு வேலை வாங்கினான். அதுவும் கழிந்தது.

பிறகு ஒரு சின்ன உல்லாசப் படகில் தளம் கழுவும் வேலை கிடைத்தது. அந்தப் படகில் இரண்டு ஸ்டீரிங் உண்டு. ஒன்று கண்ணாடி போட்ட கேபினுக்குள். மற்றது அதன் கூரைமேல், திறந்த வெளியில். ஓட்டுகிறவர் ஒரு நாள் நடுக்கடலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். பயணிகளைக் கரை சேர்த்தாக வேண்டும். "மேலே ஏறிப் பிடி, நான் கீழேயிருந்து சொல்கிறேன்" என்று அரைகுறை இந்தியில் சொன்னார். ஏறினேன்.

அதுவரை கடல் எனக்கு ஒரு தகரத் தகடு. வெயிலை வாங்கி நம் முகத்தில் திருப்பி அடிக்கும் தகடு. மேலே ஏறியதும் அந்தத் தகட்டை யாரோ கழற்றி எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. தண்ணீருக்குள்ளே தெரிந்தது. ஆழமான இடம் மை நிறம். மணல் கிடக்கும் இடம் வெளிர்ப் பச்சை. பாறை எழும்பி வரும் இடம் பால் போதாத டீயின் நிறம். நான் ஏறியது ஓர் ஆள் உயரம்தான். அந்த ஓர் ஆள் உயரம் கடலைத் திறந்து காட்டிவிட்டது. அது ஏன் என்று புத்தகத்தில் காரணம் இருக்கும். அந்தப் பாடம் வருவதற்குள் நான் பள்ளியிலிருந்து கிளம்பிவிட்டேன். ஆனால் கண்டதைக் கண்டேன். அதற்குப் பிறகு வேறு வேறு தீவுகளில், வேறு வேறு படகுகளில், மேலே ஒரு ஸ்டீரிங் இருந்தால் அதை விட்டு நான் இறங்கியதில்லை.

அம்மாவுக்கு முடியவில்லை என்று ஊருக்கு வந்தேன். காரியம் முடிந்த பிறகு தேரிக்காட்டில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. தூத்துக்குடிக்கு வந்து, படகு ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்த ஒரு சம்மாட்டியிடம் சேர்ந்தேன். படகின் சொந்தக்காரரை இங்கே சம்மாட்டி என்பார்கள். எங்கள் சம்மாட்டி ஒரு பெண். எல்லோருக்கும் அவர் அக்கா. மீன் ஏலம் போடும் கூடத்துக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாளும் கடலுக்குள் போனதில்லை. கடலுக்குள் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாமல் போனதும் இல்லை.

அக்காவின் படகு மீன் பிடிக்கப் போவதில்லை. சங்குக் குளியாளிகளை ஏற்றிப் போகும். முத்துக்குளிப்பு என் காலத்தில் நடந்ததில்லை. அது கடைகளின் பெயர்ப்பலகையில்தான் மிச்சம் இருக்கிறது. ஆனால் முத்து கிடந்த அதே பார்களை ஒட்டிய மணலில் சங்கு கிடக்கிறது. மூச்சை அடக்கி இறங்கி அதை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். கடலடியில் கிடக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். குளியாளி ஓரிடத்தில் இறங்குவான், நீரோட்டம் இழுத்துப் போன வேறோர் இடத்தில் எழும்புவான். எங்கே எழும்புவான் என்று அவனுக்கே தெரியாது. எழும்பும் இடத்துக்கு மேலே, படகைத் தள்ளும் அடிக் காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்தது.

அதனால் எல்லாப் படகிலும் ஒரே வழக்கம். குளியாளிகள் இறங்கியதும் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். படகு சும்மா கிடக்கும். குளித்தவர்கள், இடுப்பில் கட்டிய வலைப்பையில் சங்கு கனக்க, நீரோட்டத்தை எதிர்த்து நீந்திப் படகுக்கு வந்து சேர வேண்டும். குளிப்பதைவிட அந்த நீச்சல்தான் ஆளைக் கொல்லும். தளத்தில் ஏறி விழுந்து வாய் திறந்து கிடப்பார்கள். ஒரு வார்த்தை பேச முடியாது.

படகை ஓட்டிக்கொண்டே போய் ஏற்றலாமே என்றால், கேபினுக்குள் நின்றுகொண்டு அது முடியாது. முன்பக்கம் நிமிர்ந்து நிற்கும். அதற்கு அடியில் இருக்கும் தண்ணீர் கண்ணில் படாது. கண்ணாடியில் உப்புப் படிந்து, துடைக்கத் துடைக்க மேலும் மங்கும். காலடியில் டீசல் எஞ்சின் போடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் கேட்காது. பக்கவாட்டு ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு, ஒரு கையால் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நான் சில நாள் ஓட்டிப் பார்த்தேன். கழுத்து பிடித்ததுதான் மிச்சம்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏலே, படகுக்கு மேல மச்சு கட்டுதியா? அப்ப கீழ் வீட்ட யாருக்கு வாடகைக்கு விடப் போற?" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மேல நின்னா தலை ஒவ்வொண்ணும் தெரியும்க்கா. ஆளு எங்க எழும்புதானோ அங்க நம்ம போயி நிக்கலாம். அவன் நீந்தி வரவேண்டாம்."

"காத்து அடிச்சா கவுந்துராதா?"

"கவுக்காத மாதிரிச் செய்வேன்."

"தேரிக்காட்டான் கடலப் பத்தி எனக்குப் பாடம் நடத்துதான் பாரு" என்று ஏலக்கூடத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை இறக்கி, "செய். சரி வரலன்னா அறுத்து எறிஞ்சுட்டு நீயும் கெளம்பிரணும்" என்றார்.

இதில் எனக்குப் பெருமை என்னவென்றால், அந்த மச்சில் ஓர் அங்குலம்கூட யாரும் எனக்கு வரைந்து கொடுக்கவில்லை. கூரையை அடியில் முட்டுக் கொடுத்து வலுப்படுத்தினேன். மேலே இரும்பே வைக்கவில்லை; எல்லாம் அலுமினியக் குழாய். பாரம் உச்சியில் ஏறினால் படகு குடிகாரன் மாதிரி ஆடும் என்று எனக்குத் தெரியும். மாலத்தீவில் அப்படி ஆடிய படகு ஒன்றில் நான் வேலை பார்த்திருக்கிறேன். அதனால் கூரையில் கட்டியிருந்த தண்ணீர்க் கேன்கள், நங்கூரக் கயிறு எல்லாவற்றையும் இறக்கி அடித்தளத்தில் வைத்தேன். எண்ணெய் அழுத்தத்தில் சுக்கானைத் திருப்பும் அமைப்புதான் கீழே இருந்தது. அந்தக் குழாயிலிருந்து கிளை பிரித்து மேலே இன்னொரு ஸ்டீரிங்குக்குக் கொண்டுபோனேன். கியருக்கும் வேகத்துக்கும் தனித்தனிக் கேபிள் இழுத்தேன். பிடித்துக்கொள்ள இடுப்பு உயரத்துக்குக் கம்பி, வெயிலுக்கு ஒரு தார்ப்பாய். காற்றும் அலையும் மிஞ்சினால் இறங்கிக் கேபினுக்குள் போய்விட வேண்டும், அங்கே பழைய ஸ்டீரிங் அப்படியே இருக்கிறது. மேலே இருப்பது கீழே இருப்பதற்கு மாற்று இல்லை, இன்னொரு கண் என்று வெல்டிங் போட்டவரிடம் விளக்கினேன். அவர், "எனக்கு எதுக்குச் சொல்லுத? நா என்ன கடலுக்கா வரப் போறேன்?" என்று முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டார்.

தனியாக எடுத்துப் போய் ஓட்டிப் பார்த்தேன். கரையில் நெருக்கிக் கட்டியிருந்த விசைப்படகுகளுக்கு நடுவே, எங்கும் உரசாமல் பின்பக்கமாக நுழைத்தேன். படகின் நான்கு மூலையும் ஒரே பார்வையில் தெரிந்தது. எஞ்சின் சத்தம் கால்களுக்கு அடியில் தங்கிவிட்டது. கரையில் ஒருவர் இருமியது கேட்டது. முகத்தில் படும் காற்று திரும்பியதும், கொடியைப் பார்க்காமலே தெரிந்தது. எனக்குப் பாடத் தெரியாது. அன்று பாடினேன்.

மறுநாள் விடிந்ததும் குளியாளிகள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர் உண்டு. நாற்பதைத் தாண்டிய ஆள், பீப்பாய் மாதிரி நெஞ்சு, தண்ணீருக்கு வெளியே மூச்சு விடாமல் பேசுவார். நான் அவரை அண்ணாச்சி என்பேன். அவர் மச்சை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். நான் மேலே நின்றுகொண்டு, ஏறுங்கள் போகலாம் என்று கையைக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"ஏலே, நீ எங்க நிக்கன்னு தெரியுதா?"

"மச்சுல அண்ணாச்சி."

"கீழ குனிஞ்சு பாருல. ஒங்காலுக்கு நேர கீழ என்ன இருக்கு?"

குனிந்து பார்க்கத் தேவையில்லை. கேபினுக்குள், முன் கண்ணாடிக்கு மேலே, கூரையை ஒட்டி ஒரு மரக் கூடு உண்டு. அதற்குள் மாதா சுரூபம். அக்கா படகு வாங்கியபோது மந்திரித்து வைத்தது. தினமும் அதைப் பார்த்துத்தான் நான் எஞ்சினைத் திருகுகிறேன். ஆனால் கூரை எனக்கு வெறும் கூரை. அதன் அடியில் மாதாவின் தலை இருப்பதும், அதற்கு நேர் மேலே நான் இரண்டு கால்களையும் ஊன்றி நிற்பதும் அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை.

"மாதா தலையில மிதிச்சிக்கிட்டு ஓட்டுத படகுல நா ஏறுவேனா? எம் பொண்டாட்டி என்னய வீட்டுக்குள்ள விடுவாளா?"

ஏறியிருந்தவர்களும் இறங்கினார்கள். எல்லோரும் போய் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். காயல்பட்டினத்து முஸ்லிம் ஒருவர் மட்டும் படகிலேயே இருந்தார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நாங்களும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

"எனக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் காக்கா. "ஆனா இவனுவ இல்லாம நா ஒத்தையில போயிக் குளிச்சா, சங்கு எடுக்கப் போனேனா சண்ட போட்டுட்டு ஓடிப்போனேனான்னு ஊருல கேப்பாங்க." அவரும் இறங்கினார்.

அக்கா நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம். மச்சைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். "எனக்கும் தோணாம போச்சே" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என்னிடம், "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வருவேன். அதுக்குள்ள இவனுவ மனசார ஏறணும். இல்லன்னா வெல்டிங்காரனக் கூட்டிட்டு வந்து அறுத்துருவேன். ஏச்சுப் பேச்சுக்கு என்னால ஆவாது" என்றார்.

நான் அதுவரை எந்த ஊரிலும், எந்த வேலையிலும், போ என்று சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன். அன்று பை நினைவுக்கே வரவில்லை. இந்த மச்சு நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

மாதா கோயில் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். இளைஞர். கோயில் முற்றத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். மாதா அப்படியெல்லாம் கோபிக்க மாட்டாள், உயிரைக் காக்கிற காரியம், தாராளமாகச் செய் என்றார். ஓடி வந்து அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"சாமி சொல்லுவாரு. அவரு குளிக்க வாராரா?" என்றார் அண்ணாச்சி.

கடைசியில் வழி சொன்னதும் அவர்தான். மாதாவை மச்சுக்கு மேலே ஏற்றிவிடு, எல்லோருக்கும் உயரத்தில் இருக்கட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. அண்ணாச்சியின் மனைவியும் இன்னும் சில பெண்களும் வந்து, ஜெபம் சொல்லி, கூட்டைத் துணியால் மூடி வெளியே எடுத்தார்கள். எங்கே வைப்பது என்று என்னை யாரும் கேட்கவில்லை. சப்பரத்தில் மாதா முன்னால் போவாள், கூட்டம் பின்னால் போகும். படகிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவர்களுக்குள் முடிவாயிற்று. மச்சின் முன்கம்பியில், நட்டநடுவில், இரண்டு குழாய் நட்டுக் கூட்டை வைத்தார்கள். கூட்டின் கண்ணாடிப் பக்கம் கடலைப் பார்த்து இருந்தது. நீலச் சாயம் அடித்த பலகை முதுகு என் முகத்தைப் பார்த்து இருந்தது. மாலை போட்டார்கள். மாலைக்கு மேல் பிளாஸ்டிக் மாலையும் போட்டார்கள்.

அடுத்த நாள் எல்லோரும் ஏறினார்கள். பாருக்குப் போனோம். குளியாளிகள் குதித்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எந்த இடத்தைப் பார்ப்பதற்காக நான் மச்சு கட்டினேனோ, படகுக்கு நேர் முன்னால் இருக்கும் அந்தத் தண்ணீரை, மாதாவின் கூடு மறைத்துக்கொண்டிருந்தது.

இடப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கத்து ஆள் மறைந்தான். வலப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் போயிற்று. ஸ்டீரிங்கை விட்டு நகரவும் முடியாது. நான் தயங்கித் தயங்கி ஓட்டினேன். ஒரு தடவை கூட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை திடீரென்று வெளிப்பட்டது. அவன் படகின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் ஏறி வந்து என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டேன். பழையபடி எல்லோரும் நீந்தி வந்தார்கள்.

"மச்சு மேல நின்னும் கண்ணு தெரியலயோல?" என்றான் ஒருவன்.

"தேரிக்காட்டுல மணலத்தான பாத்திருப்பான்" என்றான் இன்னொருவன்.

"இதுக்கு ஒரு ட்ரோன வாங்கிப் பறக்க விட்டிருக்கலாம். அதுக்குச் சோறும் போட வேண்டாம்" என்றார் காக்கா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாதா மறைக்கிறாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்தக் கூட்டை முதலில் மிதித்தவன் நான். அது என் சாமியும் இல்லை. ஏற்றி வைத்த மாலை வாடும் முன், வெளியூர்க்காரன் ஒருவன் வந்து அதை ஒதுக்கி வை என்றால் படகைவிட்டு அல்ல, ஊரைவிட்டே அடித்து விரட்டுவார்கள். வாயை மூடிக்கொண்டேன். கரைக்கு வந்ததும் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அதற்குள் சேதி போயிருந்தது.

மறுநாள் அண்ணாச்சிக்குக் காது அடைத்துவிட்டது. சளி பிடித்திருக்கும்போது ஆழத்துக்கு இறங்கினால் குளியாளிகளுக்கு அது வரும். அந்தக் காதோடு குளித்தால் சவ்வு கிழியும். ஆனாலும் படகுக்கு வந்துவிட்டார். அவருடைய தம்பி அந்த வாரம்தான் புதிதாக ஆழமான பாரில் இறங்க ஆரம்பித்திருந்தான். நெருக்கி முப்பது வயது ஆளுக்கு என்ன காவல் என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அண்ணாச்சி காதில் விழாத மாதிரி இருந்தார். உண்மையிலேயே விழவில்லையோ என்னவோ.

தம்பி குதித்ததும் அண்ணாச்சி தளத்தில் முன்னும் பின்னும் நடந்தார். கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு பார்த்தார். வெயில் தண்ணீரில் பட்டுத் தெறித்தது. ஒன்றும் தெரியவில்லை. ஏணியில் ஏறி மேலே வந்துவிட்டார். முதல் தடவையாக.

வந்தவர் சுற்றிலும் பார்த்தார். இருபது வருடமாக அவர் கையால் தடவிப் பார்த்த பாரை அன்றுதான் மேலேயிருந்து முழுசாகப் பார்க்கிறார்.

"ஏ... அந்தக் கருப்பா கெடக்கது நம்ம பாருதான?"

"ஆமா அண்ணாச்சி."

"வாலு இம்புட்டு நீளமா போவுது? நா இங்கனயோட முடிஞ்சுதுன்னுல்லா நெனச்சேன்." பிறகு சட்டென்று, "எந்தம்பி எங்க?"

"நேரா முன்னால இறங்கினாரு."

"நேரான்னா எங்கன?"

"அங்கனதான்" என்றேன். கூட்டின் பலகை முதுகைக் காட்டினேன். வேறு எதைக் காட்டுவது?

அண்ணாச்சி இடப்பக்கம் எட்டிப் பார்த்தார். வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். குனிந்து குழாய்களுக்கு இடையில் பார்த்தார். நிமிர்ந்தார். தம்பி எழும்ப வேண்டிய நேரம். எங்கள் இருவருக்கும் முன்னால் நீலப் பலகை நின்றது. அவர் மூச்சு விடும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, வீட்டுப் பெரிய மனுஷியிடம் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

"எம்மா, செத்த நவுரும்மா. பய தெரியல."

மாதா நகரவில்லை. அண்ணாச்சிதான் கம்பியின் ஓரம்வரை போய் உடம்பை வெளியே நீட்டினார். தம்பியின் தலை எழும்பியது. அண்ணாச்சி கையை நீட்டி, "வலத்த, வலத்த, மெதுவா" என்றார். நான் திருப்பினேன். படகு போய் அவன் பக்கத்தில் நின்றது. அவன் ஒரு கை வீசாமல் ஏணியைப் பிடித்தான். ஏறி வந்தவன் வாய் திறந்து விழவில்லை. நின்றபடியே சங்கை எடுத்துக் காட்டினான்.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"நேத்து பூரா இப்பிடித்தான் ஓட்டுனியா?"

"ஆமா."

"ஏம்ல சொல்லல?"

"சொல்லியிருந்தா வெட்டிப் போட்டிருப்பிய."

யோசித்துப் பார்த்தார். "ஆமா. வெட்டித்தான் போட்டிருப்பேன்" என்றார்.

கரைக்கு வந்ததும் எல்லோரையும் நிற்க வைத்து அவரே பேசினார். "மாதாவுக்கு முன்னால நிக்கது ஒத்துக்கல. பின்னால நல்லா உசரமா நின்னு எல்லாத்தையும் பாக்கணும்னு இருக்கா. இவன் தலைக்கும் மேல, படகுக்குப் பின்னங்கடைசியில. அங்கேருந்துதான் நம்ம எல்லாரும் அவ கண்ணுல படுவோம்."

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. காக்கா மட்டும் கேட்டார். "ஓங்கிட்டயா சொன்னா? ஒனக்குத்தான் காது அடச்சிருக்கே."

"நல்ல காதுல சொன்னா" என்றார் அண்ணாச்சி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா பட்டுச் சேலையோடு நேராகக் கரைக்கு வந்தார். கூடவே வெல்டிங் போடுகிறவர், தோளில் மெஷினோடு. நான் படகில் நின்றிருந்தேன். அண்ணாச்சி அக்காவை மறித்துக்கொண்டு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது தெரிந்தது. பாரின் வாலைப் பற்றிச் சொல்கிறார் என்று கையின் நீளத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அக்கா அவரை ஒதுக்கிவிட்டுப் படகில் ஏறினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தார்.

"அக்கா, வேண்டாம். வழுக்கும்" என்றேன்.

"நீ கட்டுனதுதான வழுக்கும்? அப்பம் நீ புடி" என்றார்.

மேலே வந்து நின்றார். படகு கயிற்றில் மெல்ல ஆடியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார்.

"ஏலக்கூடம் முழுசா தெரியுதேல. அந்தத் தூணுக்குப் பின்னால நின்னுதான் இவனுவ எல்லாம் ரகசியம் பேசுதானுவளா? இத்தன வருசமா நாற்காலியில உக்காந்து எனக்குத் தெரியாமப் போச்சே."

அக்கா நீலப் பலகைக்குப் பக்கத்தில் வந்து, நான் நிற்கும் இடத்தில் நின்று, நான் பார்க்கும் பக்கம் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, "ஏய், மேல வா. இந்தக் கொழாய மட்டும் அறுத்துப் பின்னால நடணும். நல்லா உசரமா. வேற எதுலயும் கைய வச்சிராத" என்று வெல்டிங்காரரைக் கூப்பிட்டார்.

அன்றே வேலை முடிந்தது. மாதா எனக்குப் பின்னால், என் தலைக்கும் மேலே போய் நின்றாள். பெண்கள் வந்து மறுபடி ஜெபம் சொன்னார்கள். என் முன்னால் எதுவும் இல்லை. கடல்தான்.

திங்கட்கிழமை பாருக்குப் போனோம். குளியாளிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படகிலும், எந்தக் கரையிலும் அதைப் பார்க்கலாம். தண்ணீரில் விழுந்ததும் உடனே இறங்க மாட்டார்கள். முதலில் திரும்பிப் படகு எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வார்கள். எழும்பும்போது தேட வேண்டுமே. காது சரியான அண்ணாச்சிதான் அன்று முதலில் குதித்தார். முகக்கண்ணாடியைச் சரி செய்தார். மூச்சை இழுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்படியே தலைகீழாக இறங்கிப் போனார். அடுத்து அவருடைய தம்பி. அவனும் திரும்பவில்லை. ஒவ்வொருவராக எல்லோரும் இறங்கினார்கள், காக்கா உட்பட, ஒருவரும் படகைத் திரும்பிப் பார்க்காமல்.

பச்சைத் தண்ணீருக்குள் அவர்கள் முதுகுகள் சின்னதாகிக்கொண்டே போவதை நான் மேலே நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.